பிரிவு பதினான்கின் பிறப்புக் குறிப்பு

கோப்பு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. மேலே சிவப்பு நாடா, அதன் மேல் ‘அவசரம்’ என்று ஒரு முத்திரை. முத்திரையை நம்பாத யாரோ ஒருவர் முன்னால் பேனாவால் ‘மிக’ என்று சேர்த்திருந்தார். சட்ட வரைவுப் பிரிவுக்கு வருவதெல்லாம் மிக அவசரம்தான். அவசரமில்லாத கோப்பு ஒன்று வந்தால் அது வழிதவறி வந்ததாகத்தான் இருக்கும். அதனால் பென்சில் மேடம் பதறவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகத் திறந்தாள்.

அந்தப் பெயர் அலுவலகம் வைத்தது. விடுப்புக் கடிதத்தைக்கூட முதலில் பென்சிலில் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகுதான் பேனாவைத் தொடுவாள். இருபத்தாறு வருடமாகச் சட்டம் எழுதுகிறாள். நாட்டின் சட்டப் புத்தகத்தில் அவளுடைய வாக்கியங்கள் எத்தனை என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அவள் பெயர் மட்டும் ஒன்றிலும் கிடையாது. வரைவாளர் பிழைப்பு அப்படி. உப்பு அதிகமானால் திட்டுவதற்குச் சமையல்காரருக்காவது ஒரு முகம் உண்டு.

விஷயம் இதுதான். பாதுகாப்புக் கேமரா மாட்டி, பழுது பார்க்கும் ஒரு பெண், முப்பத்து நான்கு வயது, குடிநீர் வாரியத்தின் கணினிக்குள் நுழைந்துவிட்டாள். அது தேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கணினி. இருபத்தேழு நாளாகச் சிறையில் இருக்கிறாள். வலையமைப்புப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு பதினான்கின் கீழ் அவள் மேல் வழக்குப் போட வேண்டும் என்றால் சட்டத்துறையின் சம்மதம் தேவை. சம்மதம் கொடுக்கும் முன் வரைவுப் பிரிவு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: கெட்ட எண்ணம் இல்லாமல் நுழைந்தவரையும் தண்டிப்பதுதான் சட்டம் இயற்றியவர்களின் நோக்கமா? ஆம் என்றால் குறைந்தது எட்டு வருடம். நீதிபதியே நினைத்தாலும் ஒரு நாள் குறைக்க முடியாது. இல்லை என்றால் அவள் வீட்டுக்குப் போகலாம். பதில் வியாழன் நாலு மணிக்குள் போயாக வேண்டும்.

உள்ளே அவளுடைய வாக்குமூலம் இருந்தது. எழுதிய காவலர் சோம்பேறியோ நல்லவரோ தெரியவில்லை, அவள் பேசியதைப் பேசியபடியே எழுதி வைத்திருந்தார்.

“சார், ஒரு கடையில கேமரா மாட்டிட்டு வந்து, படம் சரியா வருதான்னு என் கடையில உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு நம்பர் உண்டு, வீட்டுக்கு விலாசம் மாதிரி. கடைசியில ஆறு அடிக்கிறதுக்குப் பதிலா ஒன்பது அடிச்சிருக்கேன். கடவுச்சொல் கேட்டுச்சு. புதுக் கேமரா எல்லாத்துக்கும் கம்பெனியே போட்டு அனுப்புறது ஒண்ணு ரெண்டு மூணு நாலுதான். அதை அடிச்சேன், திறந்துச்சு. என் கேமராதான்னு நினைச்சேன். பார்த்தா தொட்டி, மோட்டார், குளோரின் அளவுன்னு வருது. பக்கத்துல ‘கூட்டு’, ‘குறை’ன்னு ரெண்டு பொத்தான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. ஒண்ணையும் தொடல. ஒரு படம் மட்டும் எடுத்துட்டு மூடிட்டேன்.

“திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் வாரியத்துக்கு நேர்ல போனேன். முதல் நாள், குழாய் உடைஞ்சிருக்கான்னு கேட்டாங்க. ரெண்டாம் நாள், மோட்டார் விக்க வந்தியான்னு கேட்டாங்க. மூணாம் நாள் அந்தப் படத்தைக் காட்டினேன். உட்காரச் சொன்னாங்க, குடிக்கத் தண்ணி குடுத்தாங்க, நல்ல மரியாதை. ஒரு மணி நேரத்துல போலீஸ் வந்துச்சு.”

பென்சில் மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் பக்கத்தைத் திருப்பி, இணைப்பில் இருந்த பிரிவு பதினான்கைப் படித்தாள். ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு எதனுள்ளும் அனுமதியின்றி நுழையும் எவரும், அவரது எண்ணம் எதுவாயினும்…’ சிரிப்பு அப்படியே நின்றது. பெற்ற பிள்ளையின் குரலைக் கூட்டத்தில் கேட்டது போல இருந்தது. அது அவள் எழுதிய வாக்கியம்.

வரைவுப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு ‘பிறப்புக் கோப்பு’ இருக்கும். இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது, யார் கேட்டார்கள், எதற்காக என்று எழுதியவரே தன் கையால் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிற்காலத்தில் திருத்துகிறவர் திக்குமுக்காடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. அந்தக் கோப்பு பிரிவின் கதவைத் தாண்டாது. நீதிமன்றம் பார்த்ததில்லை, அமைச்சர் பார்த்ததில்லை.

ஆவண அறைக்கு இறங்கிப் போய் அவளே தேடி எடுத்தாள். பதினோரு வருடத் தூசியை ஊதினாள். பிரிவு பதினான்குக்கு எதிரே அவளுடைய கையெழுத்தில் ஒன்றரை வரி இருந்தது. ‘மூலம்: வெடிமருந்துக் கிடங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு ஒன்பது. அப்படியே. காரணம்: நேரமில்லை.’

எல்லாம் நினைவுக்கு வந்தது. யாரோ மின்சார நிலையத்தின் கணினிகளைப் பூட்டிவைத்துவிட்டு நாட்டையே ஆட்டிப் படைத்த வருடம். ஒன்பது நாளில் சட்டம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்கே போகவில்லை; கணவர்தான் மாற்றுத் துணியைப் பையில் போட்டு வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போவார், ஒருநாள் அவசரத்தில் தன் சட்டையையே கொடுத்துவிட்டுப் போனார். நூற்றுப் பன்னிரண்டு பிரிவுகள். நுழைவதைத் தடுக்கும் ஒரு பிரிவு தேவைப்பட்டது. பழைய சட்டத்தில் ஒன்று தயாராக இருந்தது. எடுத்து வைத்துவிட்டாள்.

வெடிமருந்துக் கிடங்குக்கு அந்த வாக்கியம் சரிதான். கொள்ளையடிக்க வந்தவன் கையில் தீக்குச்சி இருந்தாலும், சிகரெட் பிடிக்க ஒதுங்கியவன் கையில் இருந்தாலும், கிடங்கு வெடிக்கத்தான் செய்யும். எண்ணத்தைக் கேட்டு என்ன ஆகப் போகிறது? ஆனால் கிடங்கைச் சுற்றி முள்வேலி இருக்கும், எச்சரிக்கைப் பலகை இருக்கும், துப்பாக்கியோடு ஆள் இருப்பான். தெரியாமல் நுழைய வழியே கிடையாது. இங்கே வேலி என்று எதுவும் இல்லை. ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்தான்.

மதியம் கீழே இறங்கியபோது மின்தூக்கி வேலை செய்யவில்லை. தரைத்தளத்தில் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து படிக்கட்டருகே வந்தாள். தோளில் கேமராப் பை, கையில் மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய ஒரு மனு.

“அக்கா, சட்ட வரைவுப் பிரிவு எந்த மாடி?”

“மூணாவது. ஆனா வெளியாளுங்களைப் பார்க்க விடமாட்டாங்கம்மா.”

“பார்க்க வேணாங்க்கா. எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். எங்க அக்கா விஷயமா அங்க யாரோ ஒருத்தர் எழுதப்போறாராம். இன்னும் ரெண்டு நாள்தானாம். அதான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்.”

“இங்க உட்கார்ந்து என்ன பண்ணப்போற?”

“ஒண்ணும் இல்ல. வீட்டுல உட்கார முடியல.”

பென்சில் மேடம் தான் யாரென்று சொல்லாமலே நடந்தாள். சாப்பிடப் போனவள் சாப்பிடாமலே திரும்பினாள். திரும்பும்போது பக்கத்துக் கட்டடத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். பயந்தாங்கொள்ளித்தனம்தான். அதை அவளே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தலைமை வரைவாளர் அறைக்குப் பிறப்புக் கோப்போடு போனாள். நல்ல மனிதர், அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆள் இல்லை, அவள் எழுதியதை எல்லாம் தன் பெயரில் வாங்கிக்கொண்ட ஆளும் இல்லை. ஒன்றரை வரியைப் படித்தவரின் முகத்தில் ஈயாடவில்லை.

“இதை எதுக்கும்மா தூசி தட்டி எடுத்தே?”

“கேள்வியே நோக்கம் என்னன்னுதானே சார்? நோக்கம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல.”

“வார்த்தை தெளிவா இருக்குன்னு எழுது. எண்ணம் எதுவாயினும்னு போட்டிருக்கு, போட்டாச்சு. அது பொய் இல்லையே.”

“பொய் இல்ல சார். ஆனா கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்ல.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “பிறப்புக் கோப்பு இந்த வாசலைத் தாண்டினதே கிடையாது. ஒரு பிரிவை அவசரத்துல காப்பி அடிச்சோம்னு நாமளே சொன்னா, நாளைக்கு ஒவ்வொரு வக்கீலும் ஒவ்வொரு பிரிவுக்கும் குறிப்பைக் கொண்டான்னு வந்து நிப்பான். அடுத்த மாசம் நான் ஓய்வு பெறுறேன். இந்த நாற்காலிக்கு உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். பார்த்து நடந்துக்கோம்மா.”

மிரட்டல் இல்லை. உண்மையான அக்கறைதான். அதனால்தான் அது நேராக உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். மூன்று தலைமை வரைவாளர்களின் தவறுகளை அவர்களுக்கே தெரியாமல் திருத்தியவள் அவள். ஒரு முறையாவது தன் தவறைத் தானே செய்யும் உரிமை வேண்டும் என்று நினைத்ததுண்டு.

வீட்டில் கோப்புகளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. கணவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“என்னங்க, குடிதண்ணியில குளோரினைச் சுத்தமா நிறுத்திட்டா என்ன ஆகும்?”

“ஒரு வாரத்துல ஊரே வயித்தைப் பிடிச்சுக்கும்.”

“ரெண்டு மடங்கு ஆக்கினா?”

“தொண்டையைப் பிடிச்சுக்கும்.” கத்தியை நிறுத்தி அவளைப் பார்த்தார். “இது கோப்பு இல்லதானே? சும்மா பொது அறிவுக்குக் கேக்குற, இல்ல?”

“பொது அறிவுக்குத்தான்.”

“அப்ப நானும் பொது அறிவுக்கு ஒண்ணு சொல்றேன். என் ஆய்வுக்கூடத்துல ஒருதடவை ஒரு பையன் வாயுக் குழாய் கசியுதுன்னு ஓடி வந்து சொன்னான். ஆய்வுக்கூடத்துக்குள்ள ஏன் தனியா போனேன்னு அவனைத் திட்டிட்டேன். அப்புறம் அந்த வருஷம் முழுக்க ஒருத்தன்கூட எதையும் வந்து சொல்லல. மூக்கைப் பிடிச்சுட்டு நானேதான் சுத்தி வந்தேன்.”

சொல்லிவிட்டு அவர் நறுக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை பாதுகாப்புத் துறையிலிருந்து அதிகாரி ஒருவர் சம்மதத்தைக் கையோடு வாங்கிப் போகும் தோரணையில் வந்தார். எந்தக் கூட்டத்திலும் ‘முதலில் பூட்டு, பிறகு பேச்சு’ என்று தொடங்குவார் என்பதால் எல்லாத் துறைகளிலும் அவருக்குப் பூட்டு சார் என்றுதான் பெயர்.

“எண்ணத்தைப் பார்க்கணும்னு நீங்க எழுதிட்டா, நாளைக்கு மாட்டிக்கிறவன் எல்லாம் நம்பரை மாத்தி அடிச்சுட்டேன்னு கையைக் கட்டிட்டு நிப்பான் மேடம். அப்ப நான் என்ன பண்றது?”

“நியாயமான பயம்தான் சார். ஒண்ணு கேக்கட்டுமா? இங்க ஓட்டை இருக்கு, அங்க ஓட்டை இருக்குன்னு பொதுமக்கள் உங்களுக்குத் தகவல் சொல்லுவாங்களே, மாசம் எத்தனை வரும்?”

“முப்பது, நாப்பது வரும்.”

“இந்தப் பொண்ணைப் பிடிச்ச செய்தி வந்த பிறகு?”

பூட்டு சார் மேஜை மேல் இருந்த காகித எடையை எடுத்து உருட்டினார்.

“எத்தனை சார்?”

“ஒண்ணுகூட இல்ல.”

“எல்லா ஓட்டையும் அடைஞ்சுடுச்சா?”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ உள்ளே இருந்த நேரப் பதிவை நானே உட்கார்ந்து பார்த்தேன். நாலு நிமிஷம். ஒரு பொத்தானைத் தொடல. அதே கதவு ரெண்டு வருஷமா திறந்து கிடந்திருக்கு மேடம். என் ஆளுங்க ஒருத்தர் கண்ணுலயும் படல. அவ வந்து சொன்ன அன்னைக்கு சாயங்காலமே கடவுச்சொல்லை மாத்திட்டோம். அவளையும் உள்ளே போட்டுட்டோம். ரெண்டும் ஒரே நாள்ல.”

“இதை எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுத்தா என் தலை உருளும்.”

“என் தலையும் பக்கத்துலயே உருளும் சார். பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

இந்த முறை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த காரியத்தை வாங்காமல் எழுந்து போனார். வியாழன் காலை பத்து மணிக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. தகவல் சொல்கிறவர்களைத் தண்டித்தால் தன் துறைக்குக் கண் போய்விடும் என்று எழுதியிருந்தார். மொழிநடை கண்ணராவி. பென்சில் மேடம் அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

பிறகு தன்னுடையதை எழுத உட்கார்ந்தாள். ‘எண்ணம் எதுவாயினும் என்ற சொற்கள் வெடிமருந்துக் கிடங்குகளுக்காக எழுதப்பட்டவை. இச்சட்டத்தில் அவற்றைச் சேர்த்தவள் நான். அவை கணினிகளுக்குப் பொருந்துமா என்று நானோ வேறு எவருமோ ஆராயவில்லை. எனவே கெட்ட எண்ணமில்லாதவரைத் தண்டிக்கும் நோக்கம் இருந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.’ பூசி மெழுக நான்கு வழிகள் தோன்றின, நான்கும் நல்ல தமிழில் தோன்றின. நான்கையும் ஒதுக்கினாள். பிறப்புக் குறிப்பின் நகலை இணைத்து, கையெழுத்துப் போட்டு, மூன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டாள். தலைமை வரைவாளர் அன்று அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

கோப்பு வந்த ஒன்பதாம் நாள் வழக்குக்குச் சம்மதம் மறுக்கப்பட்டது. கீழ்த்தளப் பெஞ்ச் காலியாக இருந்தது. தொலைபேசியில் செய்தி வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்த தங்கை போட்ட சத்தத்தில் மாடி வரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள் என்று வாசல் காவலர் சொன்னார். கேமராப் பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடி, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து எடுத்துப் போனாளாம்.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. அவளைவிட எட்டு வருடம் இளையவர். வலிக்கவில்லை என்றால் பொய். இரண்டு நாள் விடுப்புப் போட்டு, வீட்டில் படுத்துச் சுவரைப் பார்த்து அழுதாள். மூன்றாம் நாள் போனபோது புதுத் தலைமை வரைவாளர் முதல் வேலையாக அவள் மேஜையில் ஒரு கோப்பை வைத்தார். வக்கீல்கள் யாரும் படையெடுத்து வரவில்லை. அதற்குப் பதில் சட்டமன்றக் குழு ஒன்று பிரிவு பதினான்கைத் திருத்தச் சொல்லியிருந்தது. “நீங்கதான் எழுதணும்னு குழு கேட்டிருக்கு. எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தானாம்.”

குழுக் கூட்டத்துக்குக் கேமரா மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டும் என்று அவள்தான் எழுதினாள். கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே அந்தப் பெண் வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். அறைக்குள் நுழைந்ததும் முதலில் கூரையைப் பார்த்தாள்.

“அந்தக் கேமரா வேலை செய்யல மேடம். விளக்கு எரியுது, அவ்வளவுதான்.”

பென்சில் மேடம் அவள் எதிரே உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது எல்லாம் மறந்துபோனது. “அந்தப் பதினாலாம் பிரிவை எழுதினது நான்தாம்மா. என்னை மன்னிச்சுடு.”

“தெரியும் மேடம். வக்கீல் அந்தக் குறிப்பைக் காட்டினார். நேரமில்லைன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல படிச்சப்ப பத்திக்கிட்டு வந்துச்சு. முப்பத்தஞ்சு நாள் உள்ளே இருந்தவ நான். அப்புறம் யோசிச்சேன். ஒன்பது அடிச்சப்ப எனக்கும் நேரமில்லைதான். அடுத்த கடைக்காரர் கூப்பிட்டுட்டே இருந்தார்.”

பென்சில் மேடத்துக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை. அதற்குள் உறுப்பினர்களும் பூட்டு சாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

புதிய வரைவை அவள் படித்தாள். தவறுதலாகவோ நல்லெண்ணத்தோடோ நுழைந்து, எதையும் மாற்றாமல் வெளியேறி, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் உரிய அலுவலகத்தில் தெரிவிக்கும் எவரும் குற்றவாளி ஆகமாட்டார். மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின. அருமை என்றார் ஒருவர். கேமரா மெக்கானிக் மட்டும் வரிக்கு அடியில் விரலை ஓட்டி இரண்டாம் முறை படித்தாள், மூன்றாம் முறை படித்தாள்.

“இதுல ஒரு ஓட்டை இருக்கே,” என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்தது. விரலைக் காகிதத்திலிருந்து எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். கண் தானாகக் கதவுப் பக்கம் போனது. பூட்டு சார்தான் முதலில் வாயைத் திறந்தார். “சொல்லும்மா,” என்றார். “யாரும் எதுவும் பண்ண மாட்டாங்க. சொல்லு.”

“நான் பார்த்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார். வாரியம் திங்கக்கிழமைதான் திறக்கும். இந்தப் புதுச் சட்டப்படி பார்த்தாலும் நான் உள்ளதான் இருப்பேன்.”

பென்சில் மேடம் வரைவை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதம், பதினோரு பேர், நான்கு துறை பார்த்த வாக்கியம். இருபத்து நான்கு மணி நேரத்தை அடித்தாள்.

“மூணு நாள் போதுமாம்மா?”

“பத்து நாள் குடுங்க மேடம்.”

“பத்து நாள் எதுக்கும்மா?” என்றார் ஓர் உறுப்பினர். “ஆபீஸ்தான் திங்கக்கிழமை திறந்துடுமே.”

“ஆபீஸ் திறந்துடும் சார். போய்ச் சொல்றதுக்குத் தைரியம் வரணுமே.”

பென்சில் மேடம் பத்து நாள் என்று எழுதினாள்.